இலையிலிருந்து மூலக்கூறு வரை: வன்னி மூலிகைகளில் புதிய சேர்வை தேடுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இரசாயனவியல் படிக்கும் பிள்ளைகள் அடிக்கடி கேட்பார்கள்: "சேர், எங்கட காட்டு இலையளில இன்னும் ஒருத்தரும் காணாத சேர்வை இருக்குமோ?" இருக்கும் என்றுதான் நம்புகிறேன். பாலையும் வீரையும் முதிரையும் நிற்கிற, வட இலங்கை வன்னியின் இந்த உலர்வலயக் காடுகளுக்குள் ஆய்வுக்கென்று போய்வர, போர் நடந்த நீண்ட காலத்தில் வழியிருக்கவில்லை. ஆனால் இலையைப் பிழிந்தால் புதிய மருந்து வரும் என்று எண்ணி இறங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இந்த வேலையின் பெரும்பகுதி, கையில் இருப்பது ஏற்கெனவே தெரிந்த பொருள் அல்ல, வெளியிலிருந்து கலந்த அழுக்கும் அல்ல என்று ஒவ்வொரு படியிலும் உறுதி செய்வதுதான். "புதியது" என்ற சொல் குறிப்பேட்டில் கடைசிப் பக்கத்தில்தான் வர வேண்டும். எந்தப் படியில் எதைக் கவனிப்பது என்று, கையால் செய்து பார்த்த அளவில் இங்கே எழுதுகிறேன். உதாரணத்துக்கு நொச்சியை வைத்துக்கொள்கிறேன். எல்லோர் வேலியிலும் நிற்கிறது; அதன் இலையில் என்ன இருக்கிறது என்பதும் நன்றாகத் தெரியும். தெரிந்த ஒன்றில் கை பழகாமல் தெரியாத ஒன்றைத் தொடக் கூடாது.

செடியைத் தெரிவு செய்தல்

பரியாரியார் சொல்லும் செடியிலிருந்து தொடங்குவது நல்ல வழி. அதற்கு முதல் அவரிடம் உண்மையைச் சொல்லுங்கள்: இலையை என்ன செய்யப் போகிறீர்கள், முடிவு எங்கே வெளிவரும், அதில் அவர் பெயர் வரலாமா. அவர் வேண்டாம் என்றால் அந்தக் குறிப்பு அவரோடு இருக்கட்டும். நெடுங்கேணிப் பக்கத்தில் ஒரு வயதான பரியாரியார் என்னிடம் சொன்னார்: "தம்பி, இலையை மட்டும் கேட்டுக்கொண்டு போறாய். எந்த மாசம், எந்த இலை, என்னத்தோட சேர்த்து எண்டு கேக்கேல்லையே?" அன்றிலிருந்து இந்த மூன்றையும் முதலில் கேட்கிறேன். தளிரா முற்றிய இலையா, மாரியிலா கோடையிலா என்பதைப் பொறுத்து இலைக்குள் இருக்கும் சேர்வையின் அளவு மாறும்.

இன்னொரு வழி குடும்பத்தைப் பார்ப்பது. எலுமிச்சைக் குடும்பத்துச் செடி என்றால் கூமரின்களும் அல்கலோயிட்டுகளும் (நைதரசன் கொண்ட, காரத்தன்மையுள்ள சேர்வைகள்) எதிர்பார்க்கலாம். அந்தக் குடும்பத்தில் குருந்தும் விளாவும் எங்கள் காட்டிலேயே நிற்கின்றன. அதிகம் படிக்கப்படாத இனம், ஆனால் நன்றாகப் படிக்கப்பட்ட உறவினர் உள்ள இனம் கிடைத்தால் அதைத்தான் நான் முதலில் எடுப்பேன். உறவினரின் இரசாயனம் வழி காட்டும், இனத்தின் புதுமை இடம் கொடுக்கும்.

பெயரில் மட்டும் ஏமாறாதீர்கள். நொச்சி என்பது தாவரவியலில் வைடெக்ஸ் நெகுண்டோ. கருநொச்சி என்று சொல்லப்படும் செடிக்கு அதனுடன் நெருங்கிய உறவு இல்லை. அது ஆடாதோடையின் குடும்பம். பெயரை நம்பி இலையைப் பறித்தால் ஆய்வு முழுவதும் வேறொரு செடியின் கதையாகிவிடும்.

சேகரித்தல்

அனுமதிதான் முதல் வேலை. காட்டு நிலத்துக்கு வனப் பாதுகாப்புத் திணைக்களமும், மடு வீதி, சுண்டிக்குளம் போன்ற தேசியப் பூங்காக்களுக்கு வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களமும் எழுத்தில் அனுமதி தர வேண்டும். அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு: கண்ணிவெடி அகற்றும் வேலை முடியாத இடங்கள் வன்னியில் இன்னும் இருக்கின்றன. சிவப்புப் பலகை கண்ட இடத்தில் எவ்வளவு அரிய செடி நின்றாலும் திரும்பி வாருங்கள். ஊரவர் ஒருவர் கூட வராமல் பற்றைக்குள் இறங்க வேண்டாம்.

பூவோ காயோ உள்ள ஒரு கிளையைப் பத்திரிகைத்தாளுக்குள் அழுத்தி உலர்த்தி, இடம், திகதி, உயரம், மண், பூவின் நிறம் எல்லாம் எழுதி மாதிரி இலக்கம் கொடுங்கள். இதுதான் சான்று மாதிரி. பேராதனைத் தாவரவியல் பூங்காவில் உள்ள தேசிய உலர்தாவரகத்திலோ ஒரு பல்கலைக்கழக உலர்தாவரகத்திலோ அதை ஒப்படைத்து அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டும். சான்று மாதிரி இல்லாத சேர்வையை எந்த நல்ல சஞ்சிகையும் ஏற்காது, அதுவே நியாயம்.

ஒரு கிலோ உலர்ந்த தூளுக்கு நான்கைந்து கிலோ பச்சை இலை வேண்டும். ஒரு மரத்தை மொட்டையாக்காமல் பல செடிகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பறியுங்கள். வயலோரச் செடியில் பூச்சிமருந்தும் றோட்டோரச் செடியில் புழுதியும் எண்ணெய்ப்புகையும் படிந்திருக்கும், இரண்டையும் விட்டுவிடுங்கள்.

உலர்த்துதலும் அரைத்தலும்

நிழல், காற்று, மெல்லிய படுக்கை. இந்த மூன்றும் போதும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் விறாந்தையில் பாய் போட்டுப் பரப்பினால் ஒரு கிழமைக்குள் இலை கையில் நொறுங்கும். மாரியில் அப்படி முடியாது. பூஞ்சணம் பிடித்தால் பிறகு நீங்கள் பிரிப்பது செடியின் சேர்வையா பூஞ்சணத்தின் சேர்வையா என்று யாராலும் சொல்ல முடியாது. அப்போது 40 பாகை செல்சியசுக்கு மேலே போகாத உலர்த்தி வேண்டும். இரண்டு நாள் தொடர்ந்து நிறுத்துப் பார்த்தும் எடை மாறவில்லை என்றால் காய்ந்துவிட்டது.

அரைக்கும் இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். ஊர் மில்லில் கொடுத்து அரைக்காதீர்கள். மிளகாயும் மஞ்சளும் அரைத்த கல்லில் உங்கள் இலை அரைபட்டால் கப்சைசினும் குர்க்குமினும் சேர்ந்து வரும். நொச்சியில் குர்க்குமின் இருக்கிறது என்று எழுதினால் படிப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? சுத்தமாகக் கழுவி மெதனோலால் துடைத்த மிக்சி போதும். மாவாக வேண்டியதில்லை, கரடுமுரடான தூள்தான் நல்லது. நைசாக அரைத்தால் வடி அடைத்துக்கொள்ளும்.

பிரித்தெடுத்தல்

எல்லாவற்றுக்கும் பொருந்தும் கரைப்பான் மெதனோல். ஒரு கிலோ தூளை நான்கு ஐந்து லீற்றர் மெதனோலில் அறை வெப்பத்தில் ஒருநாள் ஊறவிட்டு வடித்து, இன்னும் இரண்டு தரம் அதேபோல் செய்து, வடிநீர்களைச் சேர்த்து, குறைந்த அமுக்கத்தில் 40 பாகைக்குக் கிட்ட கரைப்பானை எடுத்துவிடுங்கள். கொதிக்க வைக்க வேண்டாம். சூடு எவ்வளவு தூரம் கெடுக்கும் என்பதற்கு சீன ஆய்வாளர் து யூயூ கண்டது போல நல்ல உதாரணம் இல்லை. மலேரியாவுக்கு எதிரான செடியைச் சூடாக்கிப் பிரித்தபோது பலன் வரவில்லை. இலையை நீரில் ஊறவைத்துப் பிழி என்று சொல்லும் நான்காம் நூற்றாண்டு மருத்துவக் குறிப்பைப் படித்தபிறகு, 35 பாகையில் கொதிக்கும் ஈதரைக் கொண்டு பிரித்தார். 1972 இல் ஆட்டிமிசினின் என்ற மலேரியா மருந்து கிடைத்தது, 2015 இல் நோபல் பரிசு. பழைய குறிப்பில் ஒரு சொல்லைக் கவனமாகப் படித்ததன் பலன் அது. ஆனால் வன்னியில் மத்தியானத்தில் ஈதர்ப் போத்தலைத் திறக்கும்போது அந்த 35 பாகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அறை வெப்பத்திலேயே கொதிக்கத் தொடங்கும். அதன் ஆவி தரையோடு தவழ்ந்து அடுத்த அறை அடுப்பு வரை போகும்.

கிடைக்கும் கரும்பச்சைப் பசையை 90 சதவீத மெதனோல்-நீர்க் கலவையில் கரைத்துப் பிரிபுனலில் எக்சேனுடன் குலுக்கினால் மெழுகும் பச்சையத்தில் ஒரு பகுதியும் எக்சேனுக்குள் போகும். பிறகு மெதனோலை எடுத்து, நீர் சேர்த்து, ஈதைல் அசற்றேற்று, கடைசியில் பியூற்றனோல் என்று வரிசையாகப் பிரியுங்கள். நடுவிலே நுரைபோல் ஒரு படை நின்று பிரியாமல் அடம்பிடித்தால் கொஞ்சம் உப்பு போட்டு விட்டுவிடுங்கள். பலமாகக் குலுக்கினால் இன்னும் மோசமாகும். பச்சையத்தைப் போக்கக் கரித்தூள் போடுகிறவர்கள் உண்டு. நான் போடுவதில்லை. கரி உங்கள் சேர்வையையும் சேர்த்து விழுங்கிவிடும்.

அல்கலோயிட் தேடுகிறீர்கள் என்றால் பாதை வேறு. தூளை ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் ஊறவிட்டு வடித்து, வடிநீரை அமோனியாவால் பி.எச். 9 அல்லது 10க்கு உயர்த்தி, குளோரோபோமில் எடுங்கள். அமிலத்தில் உப்பாகி நீரில் இருந்தது, காரத்தில் விடுபட்டுக் குளோரோபோமுக்குத் தாவும். ஆடாதோடை இலையில் இதைச் செய்து பாருங்கள். வசிசின் என்ற அல்கலோயிட் அதில் தாராளமாக இருக்கிறது. அல்கலோயிட்டைக் காட்டிக்கொடுக்கும் டிராகன்டோர்ப் கரைசலை ஒரு துளி விட்டதும் செம்மஞ்சள் நிறம் எழும்பும். முதன்முதலில் அதைப் பார்க்கும் பிள்ளையின் முகத்தை நான் பலதரம் பார்த்திருக்கிறேன்.

கரைப்பான்களே சில நேரம் புதிய சேர்வைகளைச் செய்துவிடும். மெதனோலில் நெடுநாள் கிடந்த அமிலம் மெதைல் எசுத்தராகும், அசிற்றோன் பக்கத்துப் பக்கத்து ஐதரொட்சில்களோடு பிணைந்துகொள்ளும். கையில் கிடைத்தது இயற்கைப் பொருளா, ஆய்வுகூடத்தில் பிறந்ததா என்று சந்தேகம் வந்தால், புதிதாக ஒரு சிறு பகுதி இலையை எதனோலில் பிரித்து, அதிலும் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

தட்டு

வன்னியில் இருந்துகொண்டே, பெரிய இயந்திரம் எதுவும் இல்லாமல் நன்றாகச் செய்யக்கூடிய வேலை மெல்லிய படை நிறப்பகுப்பு. ஆய்வுகூடத்தில் எல்லோரும் ரீ.எல்.சி. என்பார்கள். சிலிக்கா தட்டில் அடியிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் உயரத்தில் பென்சில் கோடு, மெல்லிய கண்ணாடிக் குழாயால் சிறு பொட்டு, ஏறும் கரைப்பானாக எக்சேனும் ஈதைல் அசற்றேற்றும் 7:3 விகிதத்தில். 254, 366 நனோமீற்றர் புறவூதா ஒளியில் பார்த்து, பொட்டுகளைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டபிறகுதான் தெளிக்க வேண்டும். வனிலின்-சல்பூரிக் அமிலம் தெளித்து 105 பாகையில் சூடாக்கினால் தேர்பீன்களும் ஸ்டெரோல்களும் ஊதாவும் நீலமுமாக எழும். பெரிக் குளோரைட்டுக்கு பீனோல்கள் கருநீலமோ கரும்பச்சையோ ஆகும்.

இந்தத் தட்டை மலிவான சோதனை என்று நினைக்காதீர்கள். ஒரு பொட்டின் நிறம், அது 366 இல் எப்படி ஒளிர்கிறது, எந்தக் கலவையில் எவ்வளவு தூரம் ஏறுகிறது என்ற மூன்றையும் பொறுமையாக எழுதி வைத்தவருக்கு கொலம் (சிலிக்கா நிரப்பிய கண்ணாடிக் குழாய்க்குள் கலவையைக் கரைப்பானோடு இறக்கிப் பிரிப்பது) ஓட்டும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

இந்தக் கட்டத்தில் இன்னொன்று. கொலம் ஓட்டுவதற்கு முன், பிரிசாற்றில் கொஞ்சத்தைத் திரவ நிறப்பகுப்பு-திணிவு நிறமாலைக்கு (கலவையைப் பிரித்து ஒவ்வொன்றின் மூலக்கூற்றுத் திணிவையும் அளக்கும் இயந்திரம்) அனுப்ப வழியிருந்தால் அனுப்புங்கள். வரும் திணிவுகளை ஜி.என்.பி.எஸ்., கோகோனட், லோட்டஸ், பப்கெம் போன்ற இலவசத் தளங்களில் தேடலாம். நொச்சியில் அக்னுசைட், நெகுண்டோசைட், காஸ்டிசின், உர்சோலிக் அமிலம் எல்லாம் பெயரோடு வந்து நிற்கும். அவற்றைக் கழித்தபின் விலாசம் தெரியாமல் மிஞ்சும் திணிவைத்தான் துரத்த வேண்டும். ஆறு மாதம் கொலம் ஓட்டிவிட்டு பீற்றா-சிற்றோஸ்டெரோல் எடுத்ததாக அழுகிறவர்களை நான் அறிவேன். இது பெரும்பாலும் எல்லா இலையிலும் இருக்கிறது, வெள்ளை ஊசிப் பளிங்குகளாக அழகாக வரும், 136 முதல் 140 பாகை வரை உருகும். வெள்ளை ஊசி கண்டால் மகிழ முதல் அதை நினையுங்கள்.

கொலம்

பிரிசாற்றின் நிறையைப் போல 30 முதல் 50 மடங்கு சிலிக்கா. எக்சேனில் குழம்பாக்கி ஊற்றி, தட்டித் தட்டி இறுக்கி, மேலே மணல் படை. பிரிசாற்றைக் கொஞ்சம் சிலிக்காவில் உறிஞ்ச வைத்துக் காயவைத்து மேலே பரப்புங்கள். பிறகு எக்சேனில் தொடங்கி ஈதைல் அசற்றேற்றைப் படிப்படியாகக் கூட்டி, கடைசியில் மெதனோல். தட்டில் உங்கள் பொட்டு அடிக்கோட்டிலிருந்து கரைப்பான் ஏறிய உயரத்தில் காற்பங்கு அளவில் நிற்கும் கலவைதான் கொலத்துக்கு ஏற்றது. 20 மி.லீ. வீதம் ரியூப்களில் பிடித்து, ஒவ்வொன்றையும் தட்டில் பார்த்து, ஒரே மாதிரியானவற்றைச் சேருங்கள்.

எங்கள் வெயிலுக்கு ஒரு எச்சரிக்கை. இருகுளோரோமெதேன் 40 பாகையில் கொதிக்கும். சித்திரை வெயிலில் தகரக்கூரைக்குக் கீழே மத்தியானம் அந்தக் கொலத்தை ஓட்டினால் சிலிக்காவுக்குள் குமிழி எழும்பி நடுவிலே வெடிக்கும். ஒரு கிழமை வேலை போய்விடும். விடிய ஐந்து மணிக்குத் தொடங்கி பத்துக்கு முன் முடித்துவிடுங்கள். கரைப்பான் மட்டம் சிலிக்காவுக்குக் கீழே ஒருபோதும் இறங்கக் கூடாது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கரைப்பானின் விலை பொன் விலைபோலத் தெரிகிறது. எக்சேனைக் காய்ச்சி வடித்து மீண்டும் பயன்படுத்தப் பழகுங்கள்.

பச்சையமும் சின்னச் சின்ன பீனோல்களும் பின்னிக் கிடக்கும் பகுதிகளுக்குச் செபடெக்ஸ் எல்.எச்.-20 என்ற ஜெல் மணிகள் நிரப்பிய கொலத்தை மெதனோலில் ஓட்டுங்கள். விலை கூடினாலும் கழுவித் திரும்பத் திரும்பப் பயன்படும். கடைசிச் சுத்தத்துக்கு சி-18 நிரலுள்ள எச்.பி.எல்.சி. (உயர் அமுக்கத் திரவ நிறப்பகுப்பு) நல்லது, இல்லாவிட்டால் மீள்பளிங்காக்கம். மூன்று வெவ்வேறு கரைப்பான் கலவைகளிலும் ஒரே பொட்டு, உருகுநிலை ஒன்றிரண்டு பாகைக்குள். இரண்டும் சரி என்றால்தான் தூய்மை என்று எழுதலாம்.

கையில் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்பார்கள். எங்கள் பக்கத்தில் பட்டிப்பூ என்று சொல்லும் நித்தியகல்யாணியில் புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டின் ஒரு கிராம் எடுக்க ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். ஐந்து மில்லிகிராம் கிடைத்தாலும் அதைப் பெரிதாக எண்ணுங்கள், கட்டமைப்பைக் காண அது போதும்.

அமைப்பைக் காணல்

இங்கேதான் மாதிரி வன்னியை விட்டு வெளியே போகிறது. என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்தப் பரிவு: மூலக்கூறில் ஐதரசனும் காபனும் எப்படி அமைந்திருக்கின்றன என்று காட்டும் முறை) இயந்திரம் உள்ள பல்கலைக்கழகத்துக்கோ ஆய்வு நிறுவனத்துக்கோ அனுப்ப வேண்டும். அனுப்பும் முன் நன்றாக உலர்த்துங்கள். ஈதைல் அசற்றேற்று எச்சம் இருந்தால் 1.26, 2.05, 4.12 பி.பி.எம். (அந்த நிறமாலையில் கூர்முனை நிற்கும் இடத்தைக் குறிக்கும் அளவு) இல் தன் முத்திரையைப் போட்டுவிடும்.

நொச்சியிலிருந்து ஒரு மஞ்சள் பளிங்கு வந்தது என்று வைப்போம். உயர்தெளிவுத் திணிவு நிறமாலை, ஒரு புரோத்தன் சேர்ந்த அயனுக்கு 375.1074 என்று காட்டுகிறது. அதற்குப் பொருந்தும் சூத்திரம் 19 காபன், 18 ஐதரசன், 8 ஒட்சிசன். இப்போது கணக்கு: 19ஐ இரட்டித்து 2 கூட்டினால் 40, அதில் ஐதரசன் 18ஐக் கழித்தால் 22, பாதி 11. மூலக்கூறில் வளையங்களும் இரட்டைப் பிணைப்புகளும் சேர்த்து 11 உண்டு. செடிகளின் மஞ்சள் நிறச் சேர்வைகள் பலவற்றில் உள்ள பிளேவோன் கூடு தனியே இந்த 11ஐயும் எடுத்துக்கொள்கிறது: இரண்டு பென்சீன் வளையங்களுக்கு எட்டு, நடுவளையத்துக்கு ஒன்று, அதன் இரட்டைப் பிணைப்புக்கு ஒன்று, காபனைல் ஒன்று. கூட்டின் 15 காபன் போக 4 மிஞ்சுகிறது. புரோத்தன் நிறமாலையில் 3.8 முதல் 4.0 வரை மூன்று மூன்று ஐதரசனாக நான்கு தனிக் கூர்முனைகள் நிற்கின்றன. அவை நான்கு மெதொட்சி (ஒட்சிசனில் ஒட்டிய, ஒரு காபனும் மூன்று ஐதரசனும் கொண்ட குழு). கூட்டிலுள்ள 2, மெதொட்சிகளில் உள்ள 4 போக மீதி இரண்டு ஒட்சிசன் ஐதரொட்சில். 12.6 இல் தூரத்தில் தனியாக நிற்கும் கூர்முனை, காபனைலோடு ஐதரசன் பிணைப்பில் மாட்டிக்கொண்ட ஐந்தாம் இடத்து ஐதரொட்சில்.

இவ்வளவு கண்டபிறகும் பெயர் சொல்ல அவசரப்பட வேண்டாம். இதே சூத்திரம், இதே நான்கு மெதொட்சி, இதே ஐதரொட்சில் எண்ணிக்கை கொண்ட இரு சேர்வைகளாவது உண்டு: காஸ்டிசின், கிரைசோஸ்பிளெனெட்டின். வேறுபாடு பக்க வளையத்தில் ஐதரொட்சிலும் மெதொட்சியும் இடம் மாறி நிற்பதுதான். நோசி என்ற என்.எம்.ஆர். சோதனையில் அந்த வளையத்து மெதொட்சி எந்த ஐதரசனுக்கு அருகில் இருக்கிறது என்று பாருங்கள். அதே பக்க வளையத்தில் 8 ஹேர்ட்ஸ் அளவில் பிளவுபட்ட ஐந்தாம் இடத்து ஐதரசனோடு தொடர்பு காட்டினால் மெதொட்சி நான்காம் இடத்தில், அது காஸ்டிசின். 2 ஹேர்ட்ஸ் பிளவுள்ள இரண்டாம் இடத்து ஐதரசனோடு என்றால் மற்றது. எந்தக் குழு எந்தக் காபனில் ஒட்டியிருக்கிறது என்பதை எச்.எம்.பி.சி. உறுதிப்படுத்தும். தெரியாத சேர்வைக்கும் முறை இதுவேதான், கூடு மட்டும் முன்பே தெரிந்திருக்காது. அதனால் காபன்-13, டெப்ற், கோசி, எச்.எஸ்.க்யூ.சி., எச்.எம்.பி.சி. என்ற என்.எம்.ஆர். சோதனைகள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கேட்டு வாங்குங்கள். துண்டு துண்டாக அனுப்பினால் மாதிரியும் காலமும் வீணாகும்.

இடவமைப்பு (அணுக்கள் முப்பரிமாணத்தில் நிற்கும் விதம்) தனி வேலை. ஒளிச்சுழற்சி, வட்ட இருநிறமை, முடிந்தால் பளிங்கின் எக்ஸ்-கதிர்ப் படம். வேம்பின் அசாடிரக்டின் 1968 இல் பிரிக்கப்பட்டது, சரியான அமைப்பு 1985 இல்தான் நிலைநாட்டப்பட்டது. பதினேழு வருடம். பெரிய ஆய்வுகூடங்களே அவ்வளவு காலம் எடுத்திருக்க, நாம் இரண்டு மாதத்தில் முடிக்கவில்லை என்று சோர வேண்டியதில்லை.

எனக்கு நேர்ந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஆரம்ப காலத்தில் ஒரு காட்டு இலையின் ஈதைல் அசற்றேற்றுப் பகுதியிலிருந்து நிறமற்ற எண்ணெய் ஒன்று தூயதாகக் கிடைத்தது. தட்டில் ஒரே பொட்டு. மாதக்கணக்காகக் காத்திருந்து நிறமாலை வந்தது: 7.7 இலும் 7.5 இலும் இரண்டிரண்டு ஐதரசன், 4.2 இல் நான்கு, மிச்சமெல்லாம் கொழுப்புச் சங்கிலி. திணிவில் 149 இல் ஓங்கி ஒரு உச்சி. அது இலையிலிருந்து வந்ததே அல்ல. பிளாஸ்ரிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் தலேற்று. இலையைப் பிளாஸ்ரிக் பையில் கட்டி, கரைப்பானைப் பிளாஸ்ரிக் குழாயால் கடத்தியிருந்தேன். அன்றிலிருந்து சாக்கும் கண்ணாடியும் தவிர வேறெதையும் இலைக்கோ கரைப்பானுக்கோ கிட்ட விடுவதில்லை. வெறும் கரைப்பானை மட்டும் முழுச் செய்முறையிலும் ஓட்டி ஒரு வெற்றுச் சோதனை வைத்துக்கொள்வதும் பழக்கமாயிற்று. தலேற்றைக் காட்டிக்கொடுக்கும் 149, 391 என்ற இரண்டு திணிவு எண்களை ஆய்வுகூடச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

எழுதி வைத்தல்

வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளைத் தேடியும், கட்டணத் தளங்கள் கிடைத்தால் அவற்றிலும் பார்த்தும், அதே அமைப்பு எங்கும் இல்லை என்றால் அப்போது புதியது. திணிவு, ஒளிச்சுழற்சி, எல்லா நிறமாலைகளும், சான்று மாதிரி இலக்கமும் சேர்த்து வெளியிடுங்கள், என்.எம்.ஆர். இன் மூலக்கோப்புகளையும் திறந்த களஞ்சியத்தில் போடுங்கள், பிறகு யாராவது திருத்த வேண்டி வந்தால் உதவும். சோதனைக் குழாயில் பக்ரீரியாவைக் கொன்றது என்பதற்காக நோயைக் குணமாக்கும் என்று எழுத வேண்டாம். பரியாரியாருக்கு முடிவைத் தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

மிஞ்சிய சில மில்லிகிராமைச் சிறு கண்ணாடிக் குப்பியில் போட்டு, இறுக மூடி, வெளிச்சம் படாமல் உறைகுளிரில் வையுங்கள். குப்பியில் சான்று மாதிரி இலக்கம், பகுதி இலக்கம், திகதி. பென்சிலால் எழுதுங்கள், பேனை மை மெதனோல் பட்டால் கரைந்து போகும்.